அடுத்தவர் சேறு

பொறாமையில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. பக்கத்து வீட்டுக்காரனின் கார், தம்பியின் தலைமுடி, கூடப் படித்தவனின் அமெரிக்கா என்று எல்லாவற்றையும் ஒழுங்காக ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொருமி முடித்தவன். ஐம்பத்திரண்டாவது வயதில் சேற்றைப் பார்த்துப் பொருமினேன். அதுவும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் சேறு.

பெங்களூர் போகிற வழியில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் சுற்றுச்சூழல் பொறியியல் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுத்தது போக மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. ஆறு வருடத்துக்கு மேலாக ஒரே வேலைதான்: கால்வாய்ச் சேற்றை ஜாடியில் அடைப்பேன், அதற்குள் ஒரு கரித்தகட்டைப் புதைப்பேன், மேலே நிற்கும் நீரில் இன்னொரு தகட்டைத் தொங்கவிடுவேன், இரண்டையும் கம்பியால் இணைத்து மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பேன். வரும். சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிட்டு எலக்ட்ரான்களைத் தகட்டின் மேல் தள்ளிவிடும். நாம் சீதாப்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்புவதில்லையா, அதுபோல. துப்பிய கொட்டைகளைக் கம்பி வழியாகச் சேகரித்தால் மின்சாரம். தின்ற அளவுக்குத் தண்ணீர் சுத்தம். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகங்களைக் கறுப்பு வண்டலாக அடியில் இறக்கிவிடும் சாதிகளும் இவற்றோடு குடித்தனம் நடத்தும்.

தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் சயனைடு மேடு இருக்கிறது. சுரங்கம் தங்கத்தை எடுத்துக்கொண்டு எங்களுக்கு விட்டுப்போன சாம்பல் நிற மலை. மழைக்காலத்தில் அதன் அடியிலிருந்து கசிகிற நீர் ஒரு கால்வாயாக வந்து, எங்கள் வீட்டுக் கழிவு நீர்க் கால்வாயோடு உடைந்த மதகுக்குக் கீழே சேரும். அந்த இடத்தில் ஒரு சோதனைக் குழி வெட்ட வேண்டும், ஜாடியில் செய்வதைத் தரையில் செய்துகாட்ட வேண்டும், சொந்த ஊர்க்காரர்கள் வந்து பார்க்க வேண்டும். இதுதான் என் ஆசை. மனிதர்கள் இதைவிட வாசனையான ஆசைகளோடு வாழ்கிறார்கள் என்பது தெரியும்.

இரண்டு வருடம் முன்பு எங்கள் துறைக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். என்னைவிடப் பதினெட்டு வயது சிறியவர். கும்பகோணம் பக்கத்து கிராமத்தில் பிறந்தவர். கணவருக்கு இங்கே கனரக இயந்திர ஃபேக்டரியில் வேலை கிடைத்ததால் தங்கவயலுக்கு வந்தவர். எல்லோரும் மேடம் என்றார்கள். நானும் மேடம் என்றேன்.

காலை ரயிலில் நான் சாம்பியனில் ஏறுவேன். அங்கே பெட்டியில் காற்று மட்டும்தான் இருக்கும். மேடம் மூன்று ஸ்டேஷன் தள்ளி ஏறுவார். அங்கே காற்றுக்கும் இடம் இருக்காது. ஒரே துறை என்ற முறையில் என் பையை ஜன்னலோர சீட்டில் வைத்து அவருக்கு இடம் பிடிப்பேன். யாரைப் பார்த்து வயிறு எரியப்போகிறதோ அவருக்குத் தினமும் நானே சீட் போட்டேன். போதாததற்கு, பிற்பாடு அவரும் இதே ஆராய்ச்சியைத் தொடங்கியபோது சேறு எடுக்கும் இடத்தையும் நானேதான் சொன்னேன். "மதகுக்குக் கீழே, ரெண்டு கால்வாயும் சேர்ற இடம் மேடம், அங்கதான் நானும் எடுக்கிறேன்" என்று பெரிய மனதோடு.

இரண்டே மாதத்தில் அவர் ஜாடியில் பல்ப் எரிந்தது. கடுகு அளவு சிவப்பு பல்ப்தான். ஆனால் எரிந்தது. என் ஜாடிகள் ஆறு வருடத்தில் மீட்டரின் முள்ளைத்தான் நகர்த்தின, பல்பை அல்ல. வருகிறவர்களிடம் "பல்ப் எல்லாம் வேடிக்கைக்கு சார், அளவுதான் அறிவியல்" என்று சொல்லிவந்தேன். அவர் பல்பைப் பார்க்கக் கேன்டீன்காரர்கூட மாடி ஏறி வந்தார். அன்றோடு என் தத்துவத்துக்கு ஆதரவு போய்விட்டது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மேடம் சாப்பிடப் போன நேரத்தில் என் மீட்டரை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். அவருடைய மீட்டர் பழசு, தப்பாகக் காட்டும் என்பது என் நம்பிக்கை. நம்பிக்கை வீண்போகக் கூடாதென்று என் மீட்டருக்குப் புது பேட்டரி வேறு போட்டிருந்தேன். அது அவர் மீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டியது. சொந்த மீட்டர் கூட நம் பக்கம் இல்லை என்று அன்று தெரிந்தது.

ரயிலில் அவர் போனில் மின்சார வரைபடத்தை நீட்டுவார். "சார், நேத்து கர்வ் பாருங்களேன், எப்படி ஏறுதுன்னு!"

"நல்லா கீது மேடம்" என்பேன், ஜன்னலைப் பார்த்தபடி.

எதிர் சீட்டில் எங்கள் லைனின் கடைசி வீட்டுப் பெண் உட்கார்ந்திருப்பாள். பெங்களூரில் துணி ஃபேக்டரியில் சூப்பர்வைசர். நூறு பேர் தைக்கும் தையலில் எது பிசகியது என்று நடந்துகொண்டே கண்டுபிடிக்கும் கண். அந்தக் கண் என் முகத்தின் மேல் இருக்கும்.

"இன்னாண்ணா, வாயு தொல்லையா?" என்று ஒருநாள் கேட்டாள்.

வீட்டுக்குப் போனால் மனைவி. "அந்தப் பொண்ணு லைட்டு எரிய வெச்சிடுச்சாமே?"

"யாரு சொன்னா?"

"ரயில்ல எல்லாருக்கும் தெரியுது. நீங்கதான் சொல்லல." குழம்பை ஊற்றிவிட்டுத் தொடர்ந்தாள். "ஆறு வருஷமா நீங்க இன்னா பண்ணிகினு கீறீங்க அங்க?"

நுண்ணுயிர் வளர நாளாகும் என்றேன். அவளுக்கு மட்டும் எப்படி உடனே வளர்ந்தது என்றாள். ரசத்துக்கு மாறினேன்.

பிறகு கல்லூரியில் கமிட்டி உட்கார்ந்தது. கள சோதனைக்கு ஒரே ஒரு குழிக்குத்தான் அனுமதி. என் விண்ணப்பம், அவர் விண்ணப்பம் இரண்டும் மேஜையில். அவருடையதை எடுத்துக்கொண்டார்கள். "உங்க ஊர்லதானே சார் வரப்போகுது, உங்களுக்குச் சந்தோஷம்தானே?" என்று துறைத்தலைவர் என் தோளைத் தட்டினார். தட்டுகிற கையைக் கடிப்பது பேராசிரியர்களுக்கு அழகல்ல.

ஒரு நிபந்தனை இருந்தது. குழி வீடுகளுக்குப் பக்கத்தில் வருவதால், லைன் ஜனங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் குழி கிடையாது.

மறுநாள் ரயிலில் மேடம் சொன்னார்: "சார், உங்க லைன்ல உங்க பேச்சுக்கு மரியாதை இருக்கும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார்."

உண்மைதான். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைப் பங்காருபேட்டை ஸ்டேஷன் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன். 'இதோட பின்விளைவு என்னன்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியாது.' பொய் இல்லை. கல்யாணம் உட்பட எல்லாவற்றுக்கும் பொருந்துகிற உண்மை. கொஞ்சம் கவலையான முகத்தோடு இதை எங்கள் லைனில் சொன்னால் குழி அங்கேயே மூடப்படும். அடுத்த வருடம் கமிட்டி மறுபடி உட்காரும். அப்போது என் விண்ணப்பம் மட்டும் மேஜையில் இருக்கும். வாரம் முழுக்க அந்த வாக்கியத்தைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

ஞாயிறு காலை லைன் கூட்டம் என்று முடிவானது. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, இடத்தை அளக்க வேண்டும் என்று மேடம் வந்தார். அழைத்துக்கொண்டு போனேன். மதகுக்கு வந்ததும் அவர் பையிலிருந்து முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டினார், புடவையைத் தூக்கிச் செருகினார், நேராகக் கால்வாய்க்குள் இறங்கி நடந்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை கறுப்புச் சேறு. நட்டநடுவில் போய் நின்று குனிந்து ஒரு கரண்டி எடுத்தார். அழுகிய முட்டை நாற்றம் என் மூக்கு வரை வந்தது.

"வாங்க சார், இங்கேர்ந்து பாத்தா சரிவு நல்லா தெரியும்."

"இங்கேயே தெரியுது மேடம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். "சார், ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே? உங்க சாம்பிள் எல்லாம் அந்தக் கல்லு மேல நின்னுதான் எடுத்தீங்களா?"

குனிந்து பார்த்தேன். ஒரு தட்டைக் கல்லின் மேல் நின்றிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியாது. ஆறு வருடமாக இங்கே வரும்போதெல்லாம் இதே கல்லின் மேல் நின்றுதான், நீளக் காம்புக் கரண்டியை நீட்டி, எட்டிய இடத்தில் வழித்திருக்கிறேன். எட்டியது கரை. மேட்டிலிருந்து வழிந்து படிந்த சாம்பல் மண். அது வெறும் அரைத்த கல். எந்த உயிருக்கும் அதில் சாப்பாடு இல்லை. நடுவில்தான் வீட்டுக் கழிவும் மேட்டு நீரும் கலக்கின்றன. விஷத்துக்குப் பழகிய, வயிறு நிறையச் சோறும் கிடைக்கிற நுண்ணுயிர்கள் அங்கேதான் இருக்கின்றன. நான் பட்டினி கிடந்த ஜீவன்களிடம் ஆறு வருடம் மின்சாரம் கேட்டிருக்கிறேன். கட்டுரைகளில் எல்லாம் 'இரு கால்வாய்களும் கூடுமிடத்தில் எடுக்கப்பட்டது' என்றும் எழுதியிருக்கிறேன்.

"உங்க பேப்பர்ல சல்ஃபேட் அளவு பாத்தப்பவே ஒரு சந்தேகம் சார், கழிவு கலந்த சேத்துல அவ்வளவு இருக்காதே" என்றார் மேடம், சேற்றைப் பாட்டிலில் நிரப்பியபடி. "போன வருஷமே. கேக்க சங்கடமா இருந்துச்சு."

ஒரு வருடமாகத் தெரியும். ஒரு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பொறாமைக்கு ஆளானவர் நல்லவராகவும் இருந்துவிட்டால் மனிதன் எங்கேதான் போவான்?

கல் மேல் ஏன் ஏறினேன் என்பதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் நாங்கள் சயனைடு மேட்டில் தகரத்தை வைத்து வழுக்கி விளையாடுவோம். சாயங்காலம் வீடு திரும்பினால் வாசலில் அம்மா காலைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள், லாடம் அடிப்பவன் மாட்டின் குளம்பைப் பார்ப்பதுபோல. பாதம் சாம்பலாக இருந்தால் உள்ளே போகலாம். கறுப்பாக இருந்தால் விளக்குமாறு, பிறகு வாசலிலேயே பச்சைத் தண்ணீர். காவாய்ச் சேறு பட்டால் கால் அழுகிவிடும் என்பது எங்கள் லைனின் சட்டம். எல்லா வீட்டு வாசலிலும் இதே சோதனை நடக்கும். மூளை பிஎச்.டி. வாங்கியது, கால் வாங்கவில்லை.

இதை மேடத்திடம் சொன்னேன். சிரித்தார். "எங்க ஊர்ல சேத்துல இறங்கலைன்னாதான் சார் திட்டு விழும்."

அன்று இரவு என் வாக்கியத்தை மறுபடி சொல்லிப் பார்த்தேன். முன்னைவிட அவசியமாகத் தோன்றியது. தோற்றவனுக்குக் கையில் ஏதாவது வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை லைன் முனையில், தண்ணீர்க் குழாயும் அறிவிப்பு எழுதும் கரும்பலகையும் இருக்கும் இடத்தில் எல்லோரும் கூடினார்கள். கூட்டத்தை நடத்தியவர் சுரங்கத்தில் ஆட்கள் போகும் கேஜை இறக்கி ஏற்றும் வைண்டிங் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பாவை ஆயிரம் முறை பூமிக்குள் இறக்கி ஆயிரம் முறையும் மேலே கொண்டுவந்தவர் என்பதால் என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுவார். மேடம் நின்று படம் வரைந்து காட்டிப் பொறுமையாக விளக்கினார். கேட்டு முடித்ததும் ஒருவர், "பேடாப்பா பேடா, இருக்கற நாத்தமே போதும்" என்று கன்னடமும் தமிழுமாக வேண்டாமென்று கைவிரித்தார்.

வைண்டிங் டிரைவர் என் பக்கம் திரும்பினார். "இன்னாபா வாத்யாரே, நீ படிச்சவன், நம்ம ஆளு. நீ சொல்லு. செய்யலாமா, வாணாமா?"

தொண்டையைச் செருமினேன். கவலையான முகம் தயார். வாக்கியம் நாக்கின் நுனியில்.

அதற்குள் கடைசி வீட்டுக்காரி குறுக்கே விழுந்தாள். "இருங்க, நான் ஒண்ணு கேக்கறேன். அண்ணா, நீங்களும் இதே ஆராய்ச்சிதானே ஆறு வருஷமா? உங்களுக்கு ஏன் லைட்டு எரியல, இவங்களுக்கு எப்டி எரிஞ்சுது?"

மேடம் அவசரமாக, "அது வந்து, சீசன் வித்தியாசம், சாரோட மெத்தட்..." என்று ஆரம்பித்தார். மறுபடியும் என்னைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார். இன்னொரு முறை அவரால் காப்பாற்றப்படுவதை என்னால் தாங்க முடியவில்லை. நான் உண்மை பேசியதற்கு நேர்மை காரணமில்லை, எரிச்சல்தான் காரணம் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

"நான் காவாயில எறங்கல" என்றேன். "கரையில நின்னு எடுத்தேன். அவங்க உள்ள எறங்கி எடுத்தாங்க. அதான்."

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு லைன் முழுக்க.

"ஆறு வருஷமாவா?"

"வாத்யாரு அவங்க அம்மா கைல வாங்கன அடி அப்டி!"

"டேய், நீ மட்டும் எறங்குவியா? போன வருஷம் பந்து வுழுந்துச்சே, புதுப் பந்து வாங்கிக்கினு வந்த ஆளு நீ!"

சிரித்து ஓய்ந்ததும் கடைசி வீட்டுக்காரி விடவில்லை. "சரி, எறங்கன இந்தம்மாக்கு ஒண்ணும் ஆவல. அப்பறம் நீங்க இன்னா சொல்றீங்க? நல்லதா, கெட்டதா?"

வாக்கியத்தைத் தேடினேன். கரையில் நின்றவன் பின்விளைவைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும்? "நல்லதுதான்" என்றேன். பல்லைப் பிடுங்கியதுபோல இருந்தது. "தண்ணி இப்ப இருக்கறதவிட சுத்தமாத்தான் போவும்."

"அப்ப சரி" என்றார் வைண்டிங் டிரைவர். "ஆனா ஒரு கண்டிஷன். மைன்ல மேல்கல்லு வுழுமான்னு தட்டிப் பாக்கறதுக்குத் தைரியசாலிய அனுப்ப மாட்டாங்க. அவன் ரெண்டு தட்டு தட்டிட்டு ஓகேன்னு வந்துடுவான். பயந்தவன்தான் நல்லா தட்டுவான். இங்கேயும் பயந்தவன்தான் பாத்துக்கணும். வாரா வாரம் திங்கக்கெழம காலைல நீ போய்ப் பாக்கற. குழி வழியுதா, நாத்தம் அடிக்குதா, கரண்டு எவ்ளோ, எல்லாத்தையும் இதோ இந்த போர்டுல எழுதற."

"மேடமே எழுதலாமே" என்றேன்.

"அவங்க குழி, அவங்க நல்லாதான் எழுதுவாங்க."

கடைசி வீட்டுக்காரி முடித்துவைத்தாள்: "அண்ணனே எழுதட்டும். அண்ணனுக்கு வயித்தெரிச்சல் கீது, நான்தான் தெனம் ரயில்ல பாக்கறேனே. ஒரு நம்பர் கூட ஏத்தி எழுத மாட்டாரு."

மேடம் தரையைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன். கையெழுத்துகள் விழுந்தன.

குழி வெட்டி ஏழு மாதம் ஆகிறது. திங்கள்கிழமை காலை, ரயிலுக்கு முன்பு, மீட்டரோடு போகிறேன். சாக்பீஸால் போர்டில் எழுதுகிறேன். லைன் ஜனங்கள் தண்ணீர் பிடித்தபடி படிப்பார்கள். "போன வாரத்துக்கு மேல கீது!" என்று எனக்கே சொல்லிக் காட்டுவார்கள். வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டுதான் போனது. ஒவ்வொரு திங்களும் என் கையாலேயே அவர் வெற்றியை ஊரறிய எழுதினேன். குறைத்து எழுதலாம் என்று தோன்றாமலில்லை. ஆனால் என் வயிற்றெரிச்சலை நம்பித்தான் லைன் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அதற்கும் ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா?

மூன்று வாரம் முன்பு மீட்டர் பூஜ்யம் காட்டியது. தட்டிப் பார்த்தேன். பூஜ்யம். நெஞ்சுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்ததுபோல இருந்தது. போர்டுக்கு வந்து அழித்து, நிறுத்தி நிதானமாக வட்டமாக எழுதினேன்.

கடைசி வீட்டுக்காரி குடத்தை வைத்துவிட்டு வந்து நின்றாள். போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னாண்ணா, இன்னிக்கு எழுத்து முத்து முத்தா கீது?"

சாக்பீஸைக் கீழே வைத்தேன். "செத்துடுச்சா எல்லாம்?" என்றாள். கேட்ட விதத்தில் கவலை இருந்தது. நிஜக் கவலை. ஏதோ வளர்த்த ஆட்டைக் கேட்பதுபோல.

திரும்பிக் குழிக்குப் போனேன். செத்திருந்தால் நாற்றம் மாறியிருக்கும், மாறவில்லை. கம்பியைத் தடவிக்கொண்டே போனேன். ஆடோ நாயோ இழுத்திருக்க வேண்டும், நடுத்தகட்டின் கிளிப் கழன்று சேற்றுக்குள் போயிருந்தது. மேடத்துக்குப் போன் செய்யலாம். அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் போர்டில் பூஜ்யம் இருக்கும். அதுவும் ஒரு யோசனைதான். கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன்.

குழியின் மேல் போட்டிருந்த பலகையில் மண்டியிட்டு, சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை உள்ளே விட்டேன். குளிர்ச்சியாக, கெட்டித் தயிர் மாதிரி இருந்தது. துழாவிக் கிளிப்பைப் பிடித்து மாட்டினேன். மீட்டர் ஒரு துள்ளு துள்ளி, மெல்ல அடங்கி, போன வாரத்தைவிட மேலே போய் நின்றது.

குழாய்க்கு வந்தேன். கடைசி வீட்டுக்காரி ஒன்றும் கேட்காமல் என் கையில் சோப்பைத் திணித்து, மூன்று சொம்பு தண்ணீர் ஊற்றினாள். பிறகு போர்டை அவளே அழித்து, சாக்பீஸை நீட்டினாள்.

எழுதினேன்.

"ம்" என்றாள் பார்த்துவிட்டு. "கோணலா கீது. சரியாத்தான் இருக்கும்."